குறட்டையா? சிரிக்காதீர்கள்! காது கொடுத்துக் கேளுங்கள்!

குறட்டை என்றால் எல்லோருக்கும் சிரிப்பு.

சினிமாவில் ஒருவர் குறட்டை விட்டால் தியேட்டரே சிரிக்கும். கலியாண வீட்டில் பெரியப்பா குறட்டை விட்டால், குழந்தைகள் அதேபோலச் சத்தம் போட்டு விளையாடும். "கொடுத்து வைத்த மனிதர்! படுத்த உடனே தூங்கிவிட்டார், பார்!" என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

ஆனால், எல்லாக் குறட்டையும் நல்ல தூக்கத்துக்கு அடையாளம் அல்ல. சிலருக்குக் குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று போகிறது! பத்து விநாடி நிற்கிறது. இருபது விநாடி நிற்கிறது. சிலருக்கு ஒரு நிமிடம்கூட நிற்கிறது. பிறகு திணறிக்கொண்டு மூச்சு வருகிறது. மறுபடியும் நிற்கிறது. இரவு முழுவதும் இப்படியே!

இந்த வியாதிக்கு "ஸ்லீப் ஆப்னியா" என்று பெயர். தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய் என்று தமிழில் சொல்லலாம்.

இசை அமைப்பாளரின் மரணம்

2022-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி இரவு, இந்திப்பட இசை அமைப்பாளர் பப்பி லகிரி மும்பையில் காலமானார். அவருக்கு வயது 69. "டிஸ்கோ டான்சர்" படத்துக்கு இசை அமைத்தவர் அவர். கழுத்து நிறையத் தங்கச் சங்கிலிகள் அணிந்து மேடையில் பாடியவர்.

ஏறத்தாழ ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, முதல் நாள்தான் அவர் வீடு திரும்பியிருந்தார். அவருக்கு அடிக்கடி மார்பில் தொற்று ஏற்பட்டது என்றும், தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய் இருந்தது என்றும் டாக்டர்கள் அறிவித்தார்கள்.

"தூக்கத்தில் மூச்சு நிற்குமா? அப்படி ஒரு வியாதியா?" என்று பலர் கேட்டார்கள்.

குறட்டை விடுகிறவர்கள் எல்லோரும் பயப்பட வேண்டியது இல்லை. குறட்டைக்காரர்கள் எல்லோருக்கும் இந்த நோய் இருப்பது இல்லை. நோய் இருந்தாலும் கண்டுபிடிக்கலாம். கட்டுப்படுத்தலாம்.

ஆனால் ஒரு சங்கடம். நோயாளிக்குத் தன் நோய் தெரியாது! ஏன் என்றால், அது வரும்போது அவர் தூங்கிக்கொண்டு இருக்கிறார். முதலில் கண்டுபிடிக்கக் கூடியவர், பக்கத்தில் படுத்திருப்பவர்தான்.

ரங்கநாதன் தெருவும் தொண்டையும்

மூச்சு ஏன் நிற்கிறது?

தியாகராய நகர் ரங்கநாதன் தெருவைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். சாதாரண நாளில் அந்தத் தெருவில் நடந்து போகலாம். தீபாவளிக்கு முன் கூட்டம் நெருக்கும்போது வழி குறுகிவிடும். இடித்துக்கொண்டு போக வேண்டும். சத்தம் அதிகமாகும். ஒரு கட்டத்தில் யாரும் முன்னேயும் போக முடியாது. பின்னேயும் போக முடியாது.

தொண்டையும் அப்படித்தான். மூச்சுக் குழாயைச் சுற்றிக் கெட்டியான குருத்தெலும்பு இருக்கிறது. அது எளிதில் மூடிக்கொள்ளாது. ஆனால் நாக்குக்குப் பின்னால் உள்ள பகுதி வெறும் சதைதான். விழித்திருக்கும்போது தசைகள் அதை இழுத்துப் பிடித்துத் திறந்து வைக்கின்றன.

தூங்கும்போது தசைகள் தளர்கின்றன. மல்லாந்து படுத்தால் நாக்கும் பின்னால் சரிகிறது. வழி குறுகுகிறது. குறுகிய வழியில் காற்று போகும்போது சதை அதிர்கிறது. அந்த அதிர்ச்சிதான் குறட்டை!

வழி முழுவதும் அடைபட்டால் குறட்டை நின்றுவிடும். சத்தமே இருக்காது. "அப்பாடா! குறட்டை நின்றது" என்று வீட்டில் உள்ளவர்கள் நினைப்பார்கள். உண்மையில் நின்றது மூச்சு!

அப்போதும் மார்பும் வயிறும் ஏறி இறங்கிக்கொண்டு இருக்கும். காற்று மட்டும் உள்ளே போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். மூளை விழித்துக்கொண்டு, "எழுந்திரு!" என்று உடம்பை உலுக்கும். ஒரு கணம் தூக்கம் கலையும். தசைகள் இறுகும். தொண்டை திறக்கும். "ஹக்" என்று ஒரு பெரிய மூச்சு வரும். உடனே மறுபடியும் தூக்கம்.

காலையில் இது எதுவும் அவருக்கு ஞாபகம் இருக்காது.

கணக்குப்பிள்ளை வீட்டில்

தியாகராய நகரில் பல வீடுகளில் நடப்பதை, ஒரே வீட்டில் நடப்பதாக வைத்துக்கொள்வோம்.

கணவர் ஜவுளிக்கடையில் கணக்குப்பிள்ளை. வயது 48. கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வர இரவு பத்தரை மணி ஆகிவிடும். சாப்பிட்டுவிட்டு உடனே கூடத்தில் பாய் விரித்துப் படுத்துவிடுவார். ஐந்து நிமிடத்தில் குறட்டை கிளம்பும்.

ஒரு நாள் காலை மனைவி சொன்னாள்:

"என்னங்க, ராத்திரி உங்களுக்கு மூச்சே நின்னு போச்சு. நான் பயந்து போய் உங்களை உலுக்கினேன்."

"சும்மா பயமுறுத்தாதே! நான் நல்லாத்தான் தூங்கினேன்."

"நல்லாத் தூங்கினால் கடையில் ஏன் தூங்கி வழியறீங்க?"

அவருக்குக் கோபம் வந்தது. ஆனால் மனைவி சொன்னது உண்மை. எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் காலையில் தலை கனத்தது. வாய் உலர்ந்து கிடந்தது. இரவில் மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுந்தார். பகலில் கணக்கு எழுதும்போது கண் சொருகியது. முதலாளி இரண்டு முறை கண்டித்துவிட்டார். மின்சார ரெயிலில் தூங்கிப்போய், மாம்பலத்தில் இறங்காமல் அடுத்த நிலையத்துக்குப் போனதும் உண்டு. ஒரு நாள் உஸ்மான் சாலையில் ஸ்கூட்டரில் போகும்போது கண் மூடி, முன்னால் நின்ற ஆட்டோவில் மோதப் பார்த்தார்.

"வயசாகிறது. வேலை அதிகம்" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

மகன் கல்லூரி மாணவன். அவன் ஒரு காரியம் செய்தான். ஒரு நாள் இரவு, தந்தை தூங்கும்போது செல்போனில் படம் பிடித்தான். மறுநாள் காலை, "அப்பா, கோவிச்சுக்காதீங்க. இதைப் பாருங்க" என்று கொடுத்தான்.

அவர் பார்த்தார். குறட்டை. பிறகு நிசப்தம். வயிறு மட்டும் ஏறி இறங்கியது. அவர் மனத்துக்குள் எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று... இருபத்திரண்டு வரை எண்ணிய பிறகு, தண்ணீரில் மூழ்கியவன் தலை தூக்குவதுபோல ஒரு திணறல் கேட்டது.

செல்போனைக் கீழே வைத்தார். "எந்த டாக்டரிடம் போகணும்?" என்று கேட்டார்.

உடம்புக்கு என்ன கெடுதல்?

ஒவ்வொரு முறை மூச்சு நிற்கும்போதும் உடம்பு அதை ஓர் ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. இருதயம் வேகமாக அடிக்கிறது. ரத்த அழுத்தம் ஏறுகிறது. ஓய்வு எடுக்க வேண்டிய இரவில் இருதயம் ஓட்டப்பந்தயம் ஓடுகிறது.

பல ஆண்டுகள் இப்படி நடந்தால் பகலிலும் ரத்த அழுத்தம் இறங்காது. மூன்று வகை மாத்திரை சாப்பிட்டும் ரத்த அழுத்தம் அடங்காதவர்களில் பலருக்கு இந்த நோய் இருக்கிறது. இருதயத் துடிப்பு தாறுமாறாவது, மாரடைப்பு, பக்கவாதம், நீரிழிவு ஆகியவையும் இந்த நோய் உள்ளவர்களுக்கு அதிகமாகக் காணப்படுகின்றன.

ஞாபக மறதி வரும். எரிச்சல் வரும். தொட்டதற்கெல்லாம் கோபம் வரும். "முன்பெல்லாம் இவர் இப்படி இல்லை" என்று வீட்டில் சொல்வார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து, வண்டி ஓட்டுவது. இந்த நோய்க்குச் சிகிச்சை பெறாதவர்கள் சாலை விபத்தில் சிக்கும் வாய்ப்பு, மற்றவர்களைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. பஸ், லாரி ஓட்டுகிறவருக்கு இருந்தால் அது அவர் ஒருவருக்கு மட்டும் ஆபத்து அல்ல.

யாருக்கு வரும்?

குண்டாக இருப்பவர்களுக்கு மட்டுமே வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

எடை முக்கியமான காரணம்தான். கழுத்தைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்தால் தொண்டை குறுகும். ஆனால் ஒல்லியானவர்களுக்கும் வருகிறது. தாடை சிறியதாகவோ, உள்ளடங்கியோ இருந்தால் நாக்குக்கு இடம் போதாது. அது பின்னால் தள்ளிக்கொண்டு போகும். ஆசியாக்காரர்களுக்கு எடை அதிகம் இல்லாமலேயே இந்த நோய் வருவதற்கு முக அமைப்பும் ஒரு காரணம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள்.

ஆண்களுக்கு அதிகம் வருகிறது. ஆனால் மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கும் அதிகமாகிறது. பெண்கள் விஷயத்தில் ஒரு அநியாயமும் உண்டு. "எப்போதும் களைப்பாக இருக்கிறது, காலையில் தலை வலிக்கிறது, ராத்திரி தூக்கம் வரவில்லை" என்று அவர்கள் சொன்னால், "வீட்டு வேலை, கவலை" என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். கணவர் நன்றாகத் தூங்குகிறவராக இருந்தால், மனைவியின் மூச்சை யார் கவனிப்பது?

குழந்தைகளுக்கும் வரும். தொண்டைச் சதையும், மூக்குக்குப் பின்னால் உள்ள சதையும் வீங்கியிருந்தால் குழந்தை வாயைத் திறந்துகொண்டு, குறட்டை விட்டுத் தூங்கும். பகலில் அது தூங்கி வழியாது. அதற்கு மாறாக, ஓரிடத்தில் நிற்காமல் துறுதுறு என்று ஓடும். பாடத்தில் கவனம் இருக்காது. "சேட்டைக்காரப் பயல்" என்று அடி வாங்கும்! இப்படிப்பட்ட குழந்தைகள் பலருக்கு அந்தச் சதையை எடுத்துவிட்டால் மூச்சு சீராகிவிடுகிறது.

பத்துக் கோடிப் பேர்

உலகத்தில் 30 வயது முதல் 69 வயது வரை உள்ளவர்களில் 93 கோடிப் பேருக்கு மேல் இந்த நோய் இருக்கலாம் என்று 2019-ம் ஆண்டு ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள்.

இந்தியாவில் வேலைக்குப் போகும் வயதில் உள்ளவர்களில் சுமார் 10 கோடியே 40 லட்சம் பேருக்கு இது இருக்கும் என்று டெல்லி "எய்ம்ஸ்" டாக்டர்கள் 2023-ம் ஆண்டு தெரிவித்தார்கள். இவர்களில் 4 கோடியே 70 லட்சம் பேருக்கு நோய் நடுத்தரமாகவோ, கடுமையாகவோ இருக்கும் என்பது அவர்கள் கணக்கு.

சென்னையிலும் ஓர் ஆராய்ச்சி நடந்தது. கோபாலபுரத்தில் உள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்தார், நகர மக்களிடம் தூக்கத்தைப் பற்றி விசாரித்தார்கள். அதன் முடிவு 2010-ம் ஆண்டு வெளிவந்தது. நூற்றுக்கு 40 பேர் குறட்டை விடுவதாகத் தெரிந்தது. பாதிப் பேருக்கு மேல் பகலில் தூக்கம் வருவதாகச் சொன்னார்கள்.

சீட்டாட்டத்தில் தூங்கியவர்

இந்த நோய் புதிதாக வந்தது அல்ல. பெயர்தான் புதிது.

ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ், 1836-ம் ஆண்டு "பிக்விக் பேப்பர்ஸ்" என்ற கதையை எழுதத் தொடங்கினார். அதில் ஜோ என்று ஒரு குண்டுப் பையன் வருகிறான். நின்றபடியே தூங்குவான். குறட்டை விடுவான். படித்தவர்கள் சிரித்தார்கள்.

120 ஆண்டுகள் கழித்து, 1956-ல், அமெரிக்காவில் டாக்டர் பர்வெல் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். அவர் ஒரு வியாபாரி. எடை 119 கிலோ. வாரம் ஒரு நாள் நண்பர்களுடன் சீட்டு விளையாடுவார். ஒரு நாள் அவர் கைக்கு மூன்று ஆசும் இரண்டு ராஜாவும் வந்தன. அருமையான சீட்டு! ஆனால் அவர் அதை இறக்கவில்லை. கையில் சீட்டுடன் தூங்கிவிட்டார்! "இது சாதாரணத் தூக்கம் அல்ல" என்று அவருக்கே தோன்றியது. சில நாட்களில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். டாக்டர்கள் அந்த நோய்க்கு டிக்கன்சின் கதைப் பெயரையே வைத்தார்கள்.

ஆனால் அவர் தூங்கும்போது என்ன நடக்கிறது என்று அன்று யாரும் பார்க்கவில்லை. 1965-ல்தான் பிரான்சு நாட்டு டாக்டர்களும், ஜெர்மனி டாக்டர்களும் இப்படிப்பட்ட நோயாளிகளின் தூக்கத்தையும் மூச்சையும் சேர்த்துப் பதிவு செய்தார்கள். மூச்சு திரும்பத் திரும்ப நிற்பது தெரிந்தது. 1976-ல் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக டாக்டர் கிறிஸ்டியன் கில்மினோ, "ஸ்லீப் ஆப்னியா" நோய் என்று பெயர் சூட்டினார்.

பெயர் கிடைத்தது. மருந்து கிடைக்கவில்லை. கடுமையான நோயாளிகளுக்கு அன்று இருந்த சிகிச்சை ஒன்றுதான். கழுத்தில் துளை போட்டு, மூச்சுக் குழாயில் ஒரு குழாய் செருகுவார்கள். அடைபட்ட தெருவை விட்டு, பக்கத்தில் வேறு பாதை வெட்டுவதுபோல!

துளை வேண்டாம் என்றவர்

1980-ம் ஆண்டு ஜூன் மாதம். ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரம்.

அங்கே ஒரு நோயாளி, "கழுத்தில் துளை வேண்டாம்" என்று மறுத்துவிட்டார். காலின் சல்லிவன் என்ற டாக்டர் வேறு ஒரு வழியை யோசித்தார். மூக்கின் வழியாக மெல்லிய காற்றை விடாமல் செலுத்தினால் என்ன? அந்தக் காற்றே தொண்டையைத் திறந்து வைக்காதா?

வீடு பெருக்கும் இயந்திரத்தில் ஒரு மோட்டார் இருக்கும். அது காற்றை உறிஞ்சும். அப்படிப்பட்ட மோட்டாரைக் காற்றை ஊதுவதற்குப் பயன்படுத்தினார். நோயாளியின் மூக்கில் ஒரு மூடியைப் பொருத்தி, குழாயால் இணைத்தார்.

நோயாளி தூங்கினார். காற்று போனதும் மூச்சுத்தடை நின்றது. காற்றைக் குறைத்ததும் மறுபடி வந்தது. மறுபடி காற்றைக் கூட்டியதும் நின்றது. அன்று இரவு அந்த மனிதர் வெகுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினார்.

1981-ம் ஆண்டு ஏப்ரல் மாதம், ஐந்து நோயாளிகளைப் பற்றிய விவரத்தை "லான்செட்" என்ற மருத்துவப் பத்திரிகையில் சல்லிவன் வெளியிட்டார். இன்று உலகம் முழுவதும் உள்ள "சி-பாப்" இயந்திரம் பிறந்த கதை இதுதான்.

நோயைக் கண்டுபிடிப்பது எப்படி?

கீழே எட்டுக் கேள்விகள் இருக்கின்றன. கனடாவில் டாக்டர்கள் தயாரித்த இந்தக் கேள்விகளை இன்று பல நாட்டு ஆஸ்பத்திரிகளில் கேட்கிறார்கள்.

1. மூடிய கதவுக்கு வெளியே கேட்கும் அளவுக்குக் குறட்டை விடுகிறீர்களா?
2. பகலில் அடிக்கடி களைப்பாகவோ, தூக்கமாகவோ இருக்கிறதா?
3. தூக்கத்தில் உங்களுக்கு மூச்சு நிற்பதை யாராவது பார்த்தார்களா?
4. ரத்த அழுத்தம் இருக்கிறதா?
5. உயரத்துக்கு மிக அதிகமான எடையா? (உயரம் 5 அடி 6 அங்குலம் என்றால், சுமார் 98 கிலோவுக்கு மேல்.)
6. வயது 50-க்கு மேலா?
7. கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா?
8. நீங்கள் ஆணா?

மூன்று கேள்விகளுக்கு "ஆம்" என்றால் டாக்டரைப் பார்ப்பது நல்லது. ஐந்துக்கோ அதற்கு மேலோ "ஆம்" என்றால் தள்ளிப்போடவே கூடாது. எண்ணிக்கை குறைவாக இருந்தாலும், மூச்சு நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

எந்த டாக்டர்? முதலில் குடும்ப டாக்டரிடமே போகலாம். அவர் நுரையீரல் டாக்டரிடமோ, காது மூக்கு தொண்டை டாக்டரிடமோ, தூக்க நோய் டாக்டரிடமோ அனுப்புவார்.

ஆஸ்பத்திரியில் ஓர் இரவு

பிறகு தூக்கப் பரிசோதனை. இதற்கு ஊசி கிடையாது. வலி கிடையாது. செய்ய வேண்டியது, தூங்குவது ஒன்றுதான்!

நமது கணக்குப்பிள்ளை இரவு ஒன்பது மணிக்கு ஒரு பரிசோதனை நிலையத்துக்குப் போனார். "தலைக்குக் குளித்துவிட்டு வாருங்கள். எண்ணெய் தடவ வேண்டாம்" என்று முன்பே சொல்லியிருந்தார்கள். எண்ணெய் இருந்தால் தலையில் கம்பி ஒட்டாது.

தலையிலும், கண் ஓரத்திலும், மோவாயிலும், காலிலும் மெல்லிய கம்பிகளை ஒட்டினார்கள். மார்புக்கும் வயிற்றுக்கும் பட்டை கட்டினார்கள். மூக்கு அருகே சிறு குழாய். விரலில் ஒரு கிளிப். அது ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனை அளக்கும்.

"இத்தனையும் மாட்டிக்கொண்டு எப்படித் தூங்குவது?" என்று அவர் கேட்டார். கால் மணி நேரத்தில் குறட்டை கேட்டது!

இப்போது வீட்டிலேயே செய்யும் பரிசோதனையும் வந்துவிட்டது. அதற்குக் கம்பிகள் குறைவு. செலவும் குறைவு. யாருக்கு எது என்பதை டாக்டர் முடிவு செய்வார்.

ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மூச்சு நின்றது, அல்லது வெகுவாகக் குறைந்தது என்று எண்ணுவார்கள். பெரியவர்களுக்கு 5-க்குக் கீழே என்றால் கவலை இல்லை. 5 முதல் 14 வரை லேசான நோய். 15 முதல் 29 வரை நடுத்தரம். 30-ம் அதற்கு மேலும் கடுமை.

கணக்குப்பிள்ளைக்கு வந்த கணக்கு 38! ஆறு மணி நேரத் தூக்கத்தில் 228 முறை. வருடம் முழுவதும் கணக்குப் பார்க்கும் மனிதர் அந்தக் காகிதத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டு இருந்தார்.

இயந்திரத்துடன் குடித்தனம்

டாக்டர் அவருக்குச் "சி-பாப்" இயந்திரம் எழுதிக் கொடுத்தார். அது ஒரு சிறு பெட்டி. கட்டில் பக்கத்தில் வைக்கலாம். அதிலிருந்து ஒரு குழாய் வரும். குழாயின் முனையில் மூக்கில் பொருத்தும் முகமூடி. விலை சில பத்தாயிரம் ரூபாய். வாங்குவதற்கு முன் சில நாள் வாடகைக்கு எடுத்துப் பார்க்கலாம்.

முதல் இரவு அவருக்குப் பிடிக்கவே இல்லை. காற்று முகத்தில் மோதியது. நள்ளிரவில் பிடுங்கி எறிந்துவிட்டார். இரண்டாம் நாள் மூக்கு உலர்ந்தது. மூன்றாம் நாள் பட்டை கன்னத்தில் தழும்பு போட்டது.

பலர் இந்தக் கட்டத்தில்தான் இயந்திரத்தை மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டுவிடுகிறார்கள். அது பெரிய தவறு. இவை எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது. முகமூடி பொருந்தவில்லை என்றால் வேறு அளவு கேட்க வேண்டும். மூக்கு உலர்ந்தால் ஈரக்காற்று தரும் தண்ணீர்த் தொட்டியைப் பொருத்தலாம். மாலையில் டெலிவிஷன் பார்க்கும்போது அரை மணி நேரம் மாட்டிப் பழகலாம். முகமூடியைத் தினமும் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். மின்சாரம் நின்றால் மூச்சு முட்டிவிடும் என்று பயப்பட வேண்டாம். முகமூடியில் காற்றுத் துளைகள் உண்டு. எடுத்து வைத்துவிட்டால் போதும்.

2016-ம் ஆண்டு ஒரு பெரிய ஆராய்ச்சியின் முடிவு வெளிவந்தது. இந்தியா உள்படப் பல நாடுகளில், ஏற்கெனவே இருதய நோயோ, மூளை ரத்தக்குழாய் நோயோ இருந்த 2,717 பேரைக் கவனித்தார்கள். இயந்திரம் கொடுத்ததால் மாரடைப்பு குறையவில்லை. ஆனால் பகல் தூக்கம் குறைந்தது. மனச்சோர்வு குறைந்தது. அவர்கள் இரவில் சராசரியாக 3.3 மணி நேரமே முகமூடியை மாட்டியிருந்தார்கள் என்பதும் தெரிந்தது. தூங்கும் நேரம் முழுவதும் மாட்டுங்கள் என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள்.

இன்னொரு தொல்லை, வெட்கம்! "யானைத் துதிக்கை மாதிரி இருக்கிறது" என்று உறவினர் கேலி செய்வார்களோ என்ற பயம். கலியாண மண்டபத்தில் எல்லோரும் ஜமுக்காளம் விரித்துப் படுக்கும்போது, இதை எப்படி மாட்டுவது என்ற கூச்சம். கண்ணாடி போட்டுக்கொள்ள வெட்கப்படுகிறோமா? இதுவும் அதுபோலத்தான்.

கணக்குப்பிள்ளை இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் ஆறு மணி நேரம் தொடர்ந்து தூங்கினார். காலையில் தலை கனக்கவில்லை. அன்று கடையில் கண் சொருகவில்லை.

அவர் மனைவி முதல் நாள் இரவு தூங்கவில்லை. குறட்டைச் சத்தம் இல்லாததால், மூச்சு வருகிறதா என்று எழுந்து எழுந்து பார்த்தாளாம்!

வேறு சிகிச்சைகள்

எல்லோருக்கும் இயந்திரம் தேவைப்படாது. லேசான நோய் என்றால், கீழ்த்தாடையை முன்னால் இழுத்து வைக்கும் பல் கவசத்தைப் பல் டாக்டர் செய்து தருவார். சிலருக்கு மூக்கு, தொண்டை, தாடையில் ஆபரேஷன் உதவும்.

எடையைக் குறைத்தால் நோயும் குறையும். அதற்குப் பணம் வேண்டாம். பனகல் பூங்காவில் நடக்கலாம். பாண்டி பஜாரின் அகலமான நடைபாதையில் நடக்கலாம். கடை மூடிய பிறகு பதினொரு மணிக்கு வயிறு முட்டச் சாப்பிட்டு, உடனே படுக்கும் வழக்கத்தையும் மாற்ற வேண்டும்.

எடை குறைக்கும் "டிர்செபடைடு" என்ற ஊசி மருந்தை, எடை மிகுந்த நோயாளிகளுக்கு 2024-ம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க அரசு அனுமதித்தது. இதை டாக்டர் சொல்லாமல் யாரும் போட்டுக்கொள்ளக் கூடாது.

மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பது சிலருக்கு நல்ல பலன் தரும். மது அருந்தினால் தொண்டை மேலும் தளரும். ஆகவே அது கூடவே கூடாது. தூக்க மாத்திரையைத் தாமாகச் சாப்பிடக் கூடாது. எந்த ஆபரேஷனுக்குப் போனாலும், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் இந்த நோயைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இன்று இரவு செய்யுங்கள்

உங்கள் வீட்டில் குறட்டை விடுகிறவர் இருக்கிறாரா? விளக்கை அணைத்த பிறகு கொஞ்ச நேரம் விழித்திருங்கள். குறட்டையைக் கேட்காதீர்கள். குறட்டை நிற்கும் நேரத்தைக் கேளுங்கள். எண்ணிப் பாருங்கள். பத்துக்கு மேல் போனால், செல்போனில் இரண்டு மூன்று நிமிடம் படம் பிடித்து வையுங்கள்.

காலையில் கேலி செய்யாதீர்கள். சண்டையும் போடாதீர்கள். படத்தைக் காட்டுங்கள்.

டாக்டரிடம் அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். டாக்டர் கேட்டால், "எனக்கு ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் தூங்குகிறேன்" என்பார். பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இரவில் நடந்ததைப் பார்த்தவர் நீங்கள். நீங்கள்தான் கூடப் போய்ச் சொல்ல வேண்டும்.